தம்பிக்கு வாசிக்காத பகுதி

கவரைப்பேட்டை

அன்பு மகன் குணாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அந்தக் குளிரில் நீயும் கல்பனாவும் குழந்தை அருணாவும் அப்படியே இருக்க வேண்டும். போனில் சொன்னால் முன்பின்னாகிவிடும் என்று வரிசையாக எழுதுகிறேன்.

1. மணவாளன் சித்தப்பாவின் கடைசி நாள்கள்.
2. எமலோகப் பாட்டால் மனிதன் திருந்துவானா.
3. கடைசிப் பகுதியை வாசிக்க நாள் போதாமல் போனது.
4. அருணாவுக்கு அந்தப் பாட்டைச் சொல்லித்தரலாமா என்று நீ கேட்டது.

சித்தப்பா படுத்த படுக்கையானதும் தலைமாட்டில் உட்கார்ந்து எமலோகப் பாட்டை வாசிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. பாவிகள் படும் வேதனைப் பகுதியைத் தொடங்கினால் மன்னிப்புப் பகுதியையும் முடித்துத்தான் எழ வேண்டும், சாகக் கிடப்பவரை நரகத்தில் விட்டுவிட்டு எழக்கூடாது என்பது நம் வீட்டு வழக்கம். நான் பாடம் நடத்தியவன் அல்லவா, பொருள் சொல்லி வாசிக்கலாம் என்று ஐந்து நாளாகப் பிரித்தேன், வேதனைக்கு நான்கு, மன்னிப்புக்கு ஒன்று. சரிதானா என்று அப்போதே சந்தேகம். வாத்தியாருக்குப் பென்சன் வந்தும் பிரம்ப வுட மனசு வரலியே என்றாள் உன் சித்தி திலகவதி.

இரண்டாம் நாள், குடிக்கும் நீரைக் கெடுத்தவனுக்கான தண்டனை வந்தது. அதை இரண்டு தடவை வாசித்தேன். நம் வயல் கிணற்றில் ஏதோ ஒரு கம்பெனி லாரி கழிவை ஊற்றச் சித்தப்பா இடம் கொடுத்ததும், அந்தத் தண்ணீரைக் குடித்துப் பக்கத்து வயல் சின்னப்பொண்ணுவின் இரண்டு கறவை மாடுகள் செத்ததும், நோய் என்று அவர் சாதித்ததும் நீ அறிந்தவை. நானும் அறிந்துதான் வாய் திறக்காமல் இருந்தேன். சிறுவயதில் இந்தப் பாட்டைக் கேட்டு அடுத்தவன் பலப்பத்தைத் தொடவே நடுங்குவேன், அவர் என்னைப் பார்த்துச் சிரிப்பார். இப்போது அவர் கை என் வேட்டியைப் பிடித்தது. சின்னப்பொண்ணுவைக் கூட்டிவரச் சொல்லி, நான்தாம்மா ஊத்தச் சொன்னேன் என்று அழுதார். அவள் படுக்கையோரம் உட்கார்ந்தாள். பிறகு, செத்த மாடு எழுந்தா வரப்போவுது, பயப்படாம போ நைனா என்றாள். என்னைப் பார்த்து, இன்னா வாத்யாரே, மீதியயும் படிச்சி வுட்டுடு, ஆளு பேஜாராவுறாரு என்றாள். ஆகவே பாட்டு திருத்தும் என்றே நினைக்கிறேன்.

நான் அடுத்த இரண்டு நாளும் வேதனையையே வாசித்தேன். அண்ணா, எண்ணெக் கொப்பரையிலயே நிக்க வெச்சிக்கினு கீறியே, அப்பால இன்னா ஆவும், அத்தச் சொல்லு என்று நான்காம் நாள் மதியம் கெஞ்சினார். நாளைக்கு என்று புத்தகத்தை மூடினேன். விளக்கு வைப்பதற்குள் உயிர் போயிற்று. திறந்த வாய் மூடவில்லை, துணியால் கட்டினோம்.

அருணாவுக்குச் சொல்லிக்கொடு, ஆனால் முழுவதையும் ஒரே மூச்சில் சொல். காரியத்துக்கு வர முடியாவிட்டால் அங்கேயே எள்ளும் தண்ணீரும் இறைக்க மறக்காதே. குழந்தையின் மார்புச் சளியைக் கவனி. மூவரும் குறைவில்லாமல் வாழ வேண்டும்.

உன் நலம் நாடும்
அப்பா

பி.கு.: எழுதியதைத் திரும்ப வாசித்தேன். மூன்றாவது குறிப்பில் நாள் போதவில்லை என்று போட்டது தவறு. நான்காம் நாள் காலையிலேயே நர்ஸ் சுகிர்தா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, சார், இன்னிக்கிப் பொழுது தாண்டாது என்று சொல்லியிருந்தாள்.