எல்மி ஐயாவின் தீர்ப்பு

ஷ்லீரன், சுவிஸ், 14.5.1989

என் குஞ்சுக்கு,

நான் சுகம். உம்முடைய தம்பியும் சுகம். கன்னத்து வீக்கம் வற்றிவிட்டது.

மூன்று கிழமைக்கு முன் அவன், "ஊருக்குத் திரும்பிப் போறன் அத்தான்" என்றான். அங்கே போனால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்தில் அறைந்துவிட்டேன். அதன் பிறகு ஒரே அறையில் இருந்தும் நாங்கள் கதைக்கவில்லை.

எங்கள் அகதி விடுதியில் எல்மி ஐயா என்று ஒரு சோமாலியப் பெரியவர் இருக்கிறார். தன் ஊரில் குலச் சண்டைகளைத் தீர்த்துவைத்தவர். நேற்று எங்கள் இருவரையும் சைக்கிள் கொட்டகைக்குப் பக்கத்து ஆப்பிள் மரத்தடியில் இருத்தினார். தீர்ப்பை ஏற்போம் என்று முதலே சத்தியம் வாங்கிக்கொண்டுதான் வழக்கைக் கேட்டார்.

நான் தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன். அது போதாதாம். அவர்கள் வழக்கத்தில், ஒருவனை அடித்தால் அவன் குடும்பத்தையே அடித்த மாதிரியாம். குடும்பம்தான் மன்னிக்க வேண்டுமாம். "இவன் வீட்டில் மூத்தவர் யார்?" என்று தன் ஆங்கிலத்தில் கேட்டார்.

தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அக்காதான். அத்தான், இனி அவவிட்டைத்தான் நீங்கள் கேக்கவேணும்."

கேட்கிறேன். மன்னித்துவிடும்.

ஆனால் ஒன்று. உம்முடைய பதில் வரும்வரை தம்பி ஊருக்குப் போகக்கூடாது என்பதும் தீர்ப்பில் உண்டு. அதனால் குஞ்சு, அவசரப்பட்டு மன்னித்துவிடாதேயும்.

நீர் "இஞ்சேருங்கோ" என்று கூப்பிடுகிற ஆள்