அம்மா முகத்துக்கு ஒரு கேமரா

என் அருமை அத்தாவுக்கு, உங்கள் மகள் மெஹருவின் சலாம்.

நீங்கள் அடங்கியிருக்கிற கபர்ஸ்தான் பக்கமாகப் போகிற ஆம்பளைகள் ஒரு நிமிஷம் நின்று உங்களுக்கெல்லாம் சலாம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். பெண்பிள்ளைகள் நாங்கள் உள்ளே வருவதில்லை, அதனால் நான் எழுதித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. காகிதத்தில் சொன்ன சலாம் உங்கள் வரைக்கும் வந்து சேருமா என்று யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள், எனக்கு எரிச்சல்தான் வரும்.

ஊர்ச் செய்தி சொல்கிறேன். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் எஸ்.டி.டி. பூத் வந்திருக்கிறது. கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று எந்த ஊருக்கு வேண்டுமானாலும் பேசலாமாம். தம்பி சலீமிடம் பேசிவிடலாம் என்று ஆசையாகப் போனேன். சவூதியில் அவன் இருக்கிற கேம்பில் போனே கிடையாது என்று அப்புறம்தான் தெரிந்தது. நீங்கள் குத்தகைக்கு எடுத்திருந்த உப்புப் பாத்திகளை இப்போது பெருமுக்கல்காரர் ஒருவர் பார்க்கிறார். இந்த வருஷம் உப்பு நன்றாக விளைந்திருக்கிறது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும், சொல்ல மனசு வராமல் பூத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கிட்னி என்கிறார் டாக்டர். பாண்டியில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம். உப்பைக் குறைக்கச் சொன்னார். உப்பு விளைகிற மரக்காணத்துக்காரியிடம் உப்பைக் குறைக்கச் சொல்கிற தைரியம் அவருக்கு இருந்தது, எனக்கு இல்லை. குறைக்காவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். குறைத்தாலும் அதேதான் ஆகும், கொஞ்சம் தாமதமாக ஆகும் என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தார்.

நான் எழுத வந்தது ஒரு கேமராவைப் பற்றி. சிரிக்காதீர்கள். ரேடியோவில் ஸ்டேஷன் திருப்பத் தெரியாமல் உங்களிடம் திட்டு வாங்கியவள்தான், இப்போது கேமரா வைத்திருக்கிறேன்.

நீங்கள் மவுத்தான அன்று சலீம் சவூதிக்குப் போய் ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. காலையில் போனீர்கள், சாயங்காலம் அஸர் தொழுகையோடு அடக்கம். கஃபன் துணியை மூடுவதற்கு முன்னால், "முகம் பார்க்கறவங்க வந்து பார்த்துக்கங்க" என்று குரல் கொடுத்தார்கள். சொந்தக்காரர்கள், உப்பளத்து ஆட்கள், உங்களோடு பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்கூட வரிசையாக வந்து பார்த்தார்கள். பெற்ற பிள்ளை பார்க்கவில்லை. தந்தி அவன் கைக்குப் போனபோது உங்கள் மேல் போட்ட மண் காய்ந்திருந்தது. நம் வழக்கத்தில் யாருக்காகவும் காத்திருக்க முடியாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தால் மட்டும் ஆறிவிடுமா?

அம்மாவின் நிலைமையை அவனுக்கு எழுதிப்போட்டேன். பதிலுக்கு, ஊருக்கு வந்த ஒருவர் கையில் கேசட் கொடுத்தனுப்பினான். டேப்பில் போட்டுக் கேட்டோம். முதலில் ஊர்ப்பட்ட பேருக்கும் சலாம் சொன்னான். அப்புறம் அவன் ரூமில் ஏசி ஓடுகிற சத்தத்துக்கு நடுவே சொன்னான்.

"அக்கா, அத்தா முகத்தைத்தான் பார்க்கக் குடுத்துவெக்கல. நான் கிளம்பி வரலாம்னா கபீல், அதான் என் மொதலாளி, பாஸ்போர்ட்ட தரமாட்டேங்குறான். கேட்டா இன்னும் ஒரு வருஷம் போவட்டும்ங்குறான். அம்மாவ ஒரு போட்டோ எடுத்து அனுப்புக்கா. கண்ண மூடி நெனச்சுப் பார்த்தா முகம் சரியா வரமாட்டேங்குது."

பெற்றவள் முகம் மறந்துபோகிறது என்று ஒருத்தன் வாய்விட்டுச் சொல்வதென்றால் அவன் எவ்வளவு தவித்திருக்க வேண்டும்? உங்களுக்குத் தெரியும், அம்மாவுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. கல்யாணத்தில் எடுக்கவில்லை, அப்புறமும் எடுக்க விட்டதில்லை. கேசட் முடிந்ததும் அவளைப் பார்த்தேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே என்னை முறைத்தாள்.

"எவன் எடுப்பான்? ஸ்டுடியோக்காரன் முன்னாடி போய் என்னை உக்காரச் சொல்றியா?"

"நான் எடுக்கறேம்மா."

"நீ எடுப்பே. அதைக் கழுவறவன் பார்ப்பானே?"

பிலிமைக் கழுவுகிறவன் பார்க்கத்தான் செய்வான், கண்ணைக் கட்டிக்கொண்டா கழுவுவான்? பிள்ளைக்காக மனசு இளகுகிற நேரமும் அவளுக்கு உண்டு, அது எப்போது வரும், எப்போது போகும் என்று உங்களாலேயே சொல்ல முடிந்ததில்லை. அந்த நேரம் பார்த்து யாரிடமாவது கேமரா இரவல் கேட்டு ஓட முடியாது. எப்போதும் என் கூடவே இருக்கிற மாதிரி, மேலே போர்த்துகிற துப்பட்டிக்குள் வைத்தால் வெளியில் தெரியாத மாதிரி, சின்னதாக ஒன்று வேண்டும். என் தையல் காசுக்குள் அடங்கவும் வேண்டும்.

பக்கத்து வீட்டு ஜமீலாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு, திண்டிவனத்தில் பஸ் மாறி, கிளியனூர் வழியாகப் பாண்டிக்குப் போனேன். வெளிநாட்டுச் சாமான் விற்கிற கடை. கடைக்காரர் பொறுமைசாலி.

"எதுக்குன்னு சொல்லும்மா, அதுக்குத் தகுந்த மாதிரி குடுக்கறேன்" என்றார்.

"முகம் எடுக்கணும்."

"யார் முகம்?"

"எங்கம்மா முகம்."

அவர் மூன்று கேமராக்களை எடுத்து வைத்தார். ஒன்று சோப்பு டப்பா மாதிரி தட்டையாக இருந்தது, இடுப்பில் செருகிக்கொள்ளலாம், விலையும் மலிவு. ஆனால் அதில் விழுகிற படம் பொடிசு, முகம் தோடு உரித்த மல்லாட்டைப் பயறு அளவுக்குத்தான் வரும் என்றார். இரண்டாவது சாதாரணமானது. வெயிலில் எடுக்கிறபோது சூரியன் படம் போட்ட இடத்துக்கும், நிழலில் எடுக்கிறபோது மேகம் போட்ட இடத்துக்கும் ஒரு முள்ளை நாமே தள்ளிக்கொள்ள வேண்டும். பிளாஷ் தனியாக வாங்க வேண்டும். மூன்றாவது ஆட்டோமேட்டிக். யாரோ துபாயிலிருந்து கொண்டுவந்து விற்றுவிட்டுப் போனது. உள்ளங்கைக்குள் அடங்கியது, வெளிச்சத்தை அதுவே பார்த்து அதுவே முடிவு பண்ணிக்கொள்ளுமாம். அதில் பிளாஷ் வேலை செய்யாது, அதனால்தான் எனக்குக் கட்டுப்படியாகிற விலைக்கு இறங்கியிருந்தது.

"வெயில்ல எடுத்தா ஒரு குறையும் சொல்ல முடியாதும்மா."

வெயிலுக்கா நம் ஊரில் பஞ்சம் என்று ஜமீலா சிரித்தாள், நானும் சிரித்தேன். முள்ளைத் தள்ள வேண்டாம், கணக்குப் பார்க்க வேண்டாம், ஒன்றும் தெரியாத நான் எடுத்தாலும் தப்பு வராது என்று நினைத்து அதையே வாங்கினேன். தெரிந்தவன் கைக்குத்தான் சாதாரணக் கேமரா, தெரியாதவளுக்கு ஆட்டோமேட்டிக் என்று எனக்குள்ளே ஒரு தீர்ப்பு வேறு.

அன்றிலிருந்து அது என் கூடவே இருந்தது. தைக்கும்போது மெஷின் மேல் இருக்கும், வெளியே போனால் துப்பட்டிக்குள் இருக்கும். வீட்டுக்குள்ளோ இருட்டு. வாசலில் எடுக்கலாம் என்றால் தெருவே வந்து நிற்கும். அம்மாவும் நானும் உட்கார்ந்து யோசித்தோம். கடைசியில் அவள்தான் இடம் சொன்னாள். உங்கள் உப்புப் பாத்திதான். உப்பு வாருகிறவர்கள் வெயில் ஏறுவதற்குள் வேலையை முடித்துவிட்டுப் போய்விடுவார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரத்தில் நம் ஆம்பளைகள் எல்லோரும் பள்ளிவாசலில் இருப்பார்கள். அந்த ஒரு மணி நேரம் அங்கே ஒரு ஆண்பிள்ளைக் கண் இருக்காது.

அப்போது அவளால் நடக்க முடிந்தது. சைக்கிள் ரிக்‌ஷாவை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு வரப்பு வழியாக வந்தாள். சலீம் அனுப்பிய சேலை கட்டியிருந்தாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு துப்பட்டியை எடுத்தாள். முக்காட்டை மட்டும் சரியாக இழுத்துவிட்டுக்கொண்டு, குவித்து வைத்திருந்த உப்பு அம்பாரத்துக்கு முன்னால் போய் நின்றாள்.

அத்தா, அம்மா சிரித்தாள். நான் கேமராவைத் தலைகீழாகப் பிடித்ததைப் பார்த்துத்தான் சிரித்தாள். அந்தச் சிரிப்பு நிற்பதற்குள் அமுக்கினேன். அப்புறம் இன்னொன்று, இன்னொன்று. "போதும்டி, கண்ணு கூசுது" என்று சொல்லிக்கொண்டே ரோல் தீருகிறவரைக்கும் நின்றாள். அவ்வளவு அழகாக அவளை நான் பார்த்ததே இல்லை.

கழுவுவதற்கும் பாண்டியில் அதே கடைக்கே போனேன். நம் ஊரிலும் திண்டிவனத்திலும் நம்மைத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். கடைக்காரர் பேர் கேட்டபோது லட்சுமி என்று சொன்னேன். துப்பட்டி போட்டுக்கொண்டு லட்சுமி என்று சொன்னவளை அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, கவரின் மேல் அப்படியே எழுதிக்கொண்டார்.

படம் வந்தது. உப்பு வந்திருந்தது. அம்பாரத்தில் ஒவ்வொரு கல்லும் தெரிந்தது. வானம் நீலமாக இருந்தது, சேலையின் பார்டர்கூட விழுந்திருந்தது. முக்காட்டுக்குள்ளே அம்மா முகம் இருக்க வேண்டிய இடத்தில் கரிச்சட்டியின் அடி மாதிரி ஒரு கறுப்பு. எல்லாப் படத்திலும் அதே கறுப்பு.

"பின்னாடி அவ்வளவு வெள்ளை இருக்குதேம்மா" என்றார் கடைக்காரர். "அதைப் பார்த்துட்டு கேமரா வெளிச்சத்தைக் குறைச்சுக்கிச்சு. உப்பளத்துல எடுக்கப்போறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த முள்ளுத் தள்ற கேமராவையே குடுத்திருப்பேன். மேகத்துல வச்சு எடுத்திருந்தா முகம் வந்திருக்கும்."

வெளுப்பாகப் பிரிண்ட் போட முடியுமா என்று கெஞ்சினேன். போட்டுக் கொடுத்தார். சாம்பல் பூசின மாதிரி வந்தது, கண் எது மூக்கு எது என்று தெரியவில்லை. பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். உப்புக்கு நடுவிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு, உப்பு வெளுப்பு என்று இன்னொருத்தர் சொல்ல வேண்டியிருந்ததே.

வீட்டில் அம்மா படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். என்ன சொல்வாளோ என்று பயந்துகொண்டு நின்றேன்.

"சேலை நல்லா விழுந்திருக்குது" என்றாள். "இதையே அனுப்பு. தபால்காரன் பிரிச்சுப் பார்த்தாலும் நான்தான்னு தெரியாது."

அவளுக்கு நிஜமாகவே திருப்தி. நான் தலையில் அடித்துக்கொண்டேன். அனுப்பு அனுப்பு என்று அவள் பிடுங்கியெடுத்ததால் ஒன்றை அனுப்பினேன். அடுத்த கேசட்டில் சலீம் பேசினான். "அக்கா, சேலை பார்த்தேன். நான் எடுத்ததுதான். அம்மாவக் காணோமேக்கா" என்றான். அந்த இடத்தை நான் ஒரு தடவைக்கு மேல் கேட்கவில்லை, அம்மாதான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள்.

கேமராவை மாற்றிவிட்டேன். கடைக்காரர் ஆட்டோமேட்டிக்கை எடுத்துக்கொண்டு, முள்ளுத் தள்ளுகிறதையும் ஒரு சின்ன பிளாஷையும் கொடுத்தார். ஒரு ரோல் பிலிமைச் செலவழித்துப் பழகினேன். பூனையை எடுத்தேன், ஜமீலாவின் பிள்ளைகளை எடுத்தேன். எல்லா முகமும் வருகிறது அத்தா, பூனையின் மீசைகூட வருகிறது.

ஆனால் நான் பழகி முடிப்பதற்குள் அம்மா முகம் போய்விட்டது. உடம்பில் நீர் கோத்துக்கொண்டது. முதலில் கால், அப்புறம் கை, இப்போது முகம். கன்னம் உப்பி, கண் இரண்டும் கீறல் மாதிரி ஆகிவிட்டது. மூக்குத்தி உள்ளே புதைகிறது என்று கழற்றிவிட்டோம். அன்றைக்கு அம்பாரத்துக்கு முன்னால் நின்று சிரித்தவள் இவள்தான் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். மாத்திரை கொடுத்தால் கொஞ்சம் வடிகிறது, மறுபடியும் வந்துவிடுகிறது. வடிகிற அன்று எடுக்கலாம் என்று கேமராவைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இன்று மத்தியானம் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். அவளாகவே கேட்டாள்.

"ஏண்டி, படம் எடுக்கலியா?"

"வீக்கம் வடியட்டும்மா. இப்ப எடுத்தா..."

"இப்ப எடுத்தா என்ன?"

"சலீம் பார்த்தா தாங்கமாட்டான்மா."

கஞ்சிக் கிண்ணத்தைக் கையால் தள்ளிவிட்டாள். மூச்சு வாங்கிக்கொண்டு பேசினாள்.

"உங்க அத்தாவ மூடறதுக்கு முன்னாடி ஊரே வந்து பார்த்துச்சு. அவன் வரல. எனக்கும் வரமாட்டான், அது எனக்குத் தெரியும். அன்னிக்கு இருக்கப்போற முகம் இதவிட நல்லாவா இருக்கும்? எடு. எவன் கழுவுனா என்ன, எவன் பார்த்தா என்ன, எம்புள்ள பார்க்கட்டும்."

நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. கண்ணை மூடினால் முகம் வரவில்லை என்று சொன்னானே, இந்தப் படம் போய்ச் சேர்ந்தால் அதற்கப்புறம் அவனுக்கு இந்த முகம் மட்டும்தானே வரும்? அவன் விட்டுவிட்டுப் போன அம்மா, மிச்சம் மீதி ஞாபகத்தில் இருக்கிறவள், அவளும் போய்விடுவாளே? அனுப்பாமல் இருந்தால் அவனுக்கு அந்தக் கறுப்பு மட்டும்தான். நீங்கள் இருந்தால் உங்களிடம் கேட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். கேட்க ஆளில்லாமல் காகிதத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எதைச் செய்தாலும் அவனுக்கு வலிக்கும் அத்தா, அதை என்னால் தடுக்க முடியவில்லை.

எடுக்கிறேன். காலையில் வெளிச்சம் வந்ததும் ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு, அம்மாவை உட்காரவைத்து, அவளுடைய இந்த முகத்தையே எடுத்து அனுப்புகிறேன். அவன் பார்த்துவிட்டு அழுவான். உங்கள் முகத்தைப் பார்த்து நாங்கள் எல்லோரும் சேர்ந்து அழுதோம், எங்கள் பக்கத்தில் நின்று அழ அவனுக்குக் கொடுத்துவைக்கவில்லை. அம்மாவுக்காவது, அவள் உயிரோடு இருக்கும்போதே, அவன் அழுதுகொள்ளட்டும்.

உங்கள் மகள்,
சலீமின் அக்கா,
மெஹருன்னிசா
மரக்காணம்