நாவலேரியை மலைமேல் ஏற்றிய பலகை

அனுப்புநர்
தா. ராஜம்மா,
மீன் விற்பவர், க/பெ தாவீது,
நாவலேரி கிராமம், படப்பை வழி.

பெறுநர்
உயர்திரு மீன்வள அலுவலர் அவர்கள்.

பொருள்: எங்கள் ஏரியில் மீன்பிடிக்கப் போட்ட தடையை நீக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற மாதம் தங்கள் அலுவலகம் எங்கள் ஏரிக்கரையில் ஒரு பலகை நட்டது. அதன்படி நாவலேரி கடல் மட்டத்திற்கு ஆறாயிரத்து ஐநூறு அடி மேலே உள்ள மலை ஏரி. ஆழம் நாற்பது அடி. குளிர்நீர் மீன்கள் பெருகுவதற்காக ஆகஸ்டு முடிய யாரும் மீன் பிடிக்கக் கூடாது. பக்கத்து வீட்டு மாரி அதைப் படித்துவிட்டு, "இன்னாக்கா, நம்மூர்ல மலை எங்க கீது?" என்று கேட்டாள். தாங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

2. எங்கள் ஊரில் உயரமான இடம் ஏரிக்கரைதான். ஏறி நின்றால் ஒரகடம் சாலையில் போகும் செங்கல் லாரி தெரியும். மழையில் நிறையும் ஏரி வைகாசியில் வற்றிவிடும். ஆகஸ்டில் அங்கே மாடு மேயும். அதற்குப் பிறகு மீன் பிடித்துக்கொள்ளச் சொல்லும் தங்கள் பெருந்தன்மைக்கு நன்றி.

3. மதகில் தண்ணீர் பாய்வது நின்றதும் ஊரே ஒன்றாக இறங்கும். ஊத்தா என்னும் அடியில்லாத மூங்கில் கூடையைக் கவிழ்த்து விராலும் கெளுத்தியும் பிடிப்போம். தாய் விரால் அகப்பட்டால் உண்ண மாட்டோம். கோயில் குளத்தில் விட்டுவைத்து, மழை வந்ததும் ஏரிக்கே திருப்பி விடுவோம். இதை எந்த அலுவலகமும் எங்களுக்குக் கற்றுத் தரவில்லை. அதனால்தான் ஒழுங்காக நடந்து வருகிறது.

4. இது வேறு ஏதோ ஊரின் கோப்பு என்று தங்கள் ஆய்வாளரிடம் பணிவுடன் கூறினேன். "மேலேருந்து வந்த ஆர்டரும்மா, ஏரின்னா ஏரிதான்" என்று சொல்லி என் ஊத்தாவைப் பறித்துக்கொண்டார். நாற்பது அடி ஆழ ஏரியின் நடுவில், கால்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு நின்றுதான் பறித்தார்.

5. என் கணவர் செங்கல் சூளையில் கால் நொறுங்கிப் படுத்திருக்கிறார். இந்த மீனை விற்றும் கருவாடாக்கியும்தான் மழைவரை எங்கள் அடுப்பு எரிய வேண்டும். தண்ணீர் சுண்டியதால் நேற்று முதல் மீன்கள் வாய் பிளந்து மேலே வரத் தொடங்கிவிட்டன. பார்த்தால் அழுகை வருகிறது. தங்கள் பலகையைப் பார்த்தால் அருவருப்பு வருகிறது.

ஆகவே, பலகையை அகற்றி, என் ஊத்தாவைத் திருப்பித் தந்து, இந்த வாரத்துக்குள் மீன்பிடிக்க எழுத்தில் அனுமதி தருமாறு வேண்டுகிறேன். தராவிட்டால் வரும் திங்கட்கிழமை காலை மாரியின் ஊத்தாவை வாங்கிக்கொண்டு ஏரியில் இறங்குவேன். தாராளமாக வழக்குப் போடலாம். குற்றம் நடந்த இடத்தை எழுதும்போது, அது எந்த மலை என்பதையும் தயவுசெய்து எழுதிவிடுங்கள். நீதிபதி கேட்பார்.

இடம்: நாவலேரி
நாள்: 30-4-1991

தங்கள் பதிலுக்காகக் கரையில் காத்திருக்கும்,
தா. ராஜம்மா