பின் இருக்கைத் தட்டைக் கழற்றக் கோரும் மனு

அனுப்புநர்:
செய்தியாளர் (ஓய்வு), நாளிதழ்ப் பாதுகாப்புச் செய்திப் பிரிவு,
தையல் கடை மேல்மாடி,
விமானத்தளக் கிழக்கு வாயிலுக்கு எதிர்த் தெரு.

பெறுநர்:
உயர்திரு செயலாளர் அவர்கள்,
பாதுகாப்புத் தளவாடத் துறை,
தலைமைச் செயலகம்.

பொருள்: பயிற்சி ஜெட் விமானங்களை இலகு போர்ப் பணிக்குத் தரம் உயர்த்தும் திட்டம் – பின் இருக்கையில் பொருத்தியுள்ள மடக்குப் பலகையை 21ஆம் தேதி சுடுபயிற்சிக்கு முன் கழற்றுதல் – பயிற்சி ஆசிரியர் மீதான குறிப்பாணையைத் திரும்பப் பெறுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஆறாவது பயிற்சி விமானத்திலும் அதே பலகை பொருத்தப்பட்டுவிட்டது. கடந்த திங்கட்கிழமை செய்தியாளர் சந்திப்பில் திட்ட இயக்குநரே இதை உறுதி செய்தார். உறுதி செய்யும்போது புன்னகையும் செய்தார். வரும் 21ஆம் தேதி காலை, விருந்தினர் மேடைக்கு முன்னால், அந்த ஆறாவது விமானம் ராக்கெட் சுட்டுக் காட்டும் என்ற தகவலும் அவர் தந்ததுதான்.

2. இந்த விஷயத்தில் எனக்குச் சொந்த அக்கறை உண்டு. குறிப்பாணை பெற்ற பயிற்சி ஆசிரியர் என் உடன்பிறந்த தம்பி. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சொல்ல வேண்டியதைக் கடைசிப் பத்தியில் பொடி எழுத்தில் ஒளித்து வைக்கும் கலை தங்கள் செய்திப் பிரிவுக்கே உரியது, அதில் நான் போட்டியிட விரும்பவில்லை. நான் நேரில் பார்த்ததையும் பிறர் சொல்லிக் கேட்டதையும் கீழே பிரித்தே எழுதியிருக்கிறேன். இதில் ராணுவ ரகசியம் எதுவும் இல்லை. அந்தப் பலகையின் வண்ணப் படத்தைத் தங்கள் துறையே இந்த ஆண்டு நாட்காட்டியில் அச்சிட்டு ஊருக்கெல்லாம் கொடுத்திருக்கிறது. எங்கள் தெரு முடிதிருத்தகத்தில் கூட அது தொங்குகிறது.

3. திட்டத்தின் மீது எனக்குக் குறை இல்லை. விமானம் இரண்டு இருக்கை கொண்டது. முன்னால் கற்பவர், பின்னால் கற்பிப்பவர். சிக்கனமான, நம்பகமான விமானம். அதன் இறக்கைக்கடியில் ராக்கெட்டும் வயிற்றுக்கடியில் துப்பாக்கியும் மாட்டி, சிறு தாக்குதல்களுக்குப் பயன்படுத்துவது அறிவுள்ள யோசனை. யோசித்தவர் யாரோ, அவர் இப்போது தங்கள் துறையில் இல்லை என்பது மட்டும் தெளிவு.

4. இலக்கைப் பார்க்க ஒரு திரையும் சில பொத்தான்களும் தேவைப்பட்டன. அவற்றைப் பின் இருக்கையில் ஒரு மடக்குப் பலகையில் வைத்தார்கள். பயணிகள் விமானத்தில் சாப்பாட்டுக்கு விரிப்பார்களே, அதே ஜாதி. வேண்டாதபோது பக்கவாட்டில் மடங்கும். விரித்தால் ஆசிரியரின் இரு தொடைகள் மீதும் படியும். தளத்தில் எல்லோரும் அதைச் ‘சாப்பாட்டுத் தட்டு’ என்றுதான் சொல்கிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

5. இந்தத் தட்டுக்கு ஒப்புதல் தந்த நாளில், அப்போது பணியில் இருந்த நான், செய்தி சேகரிக்க அங்கே இருந்தேன். திட்ட அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், பெரியவர்கள் வெயிலில் விமானக் கொட்டகை வரை நடக்க வேண்டாமே என்று, ஒட்டுப்பலகையில் ஒரு விமானி அறை செய்து வைத்திருந்தார்கள். விமானத்தை ஏற்றி இறக்கும் கோலுக்குப் பதிலாகத் திரைச்சீலைக் கம்பி ஒன்றை வெட்டித் தரையில் முடுக்கியிருந்தார்கள். துணை இயக்குநர் மதியச் சாப்பாடு முடிந்து வந்து, அலுவலகக் காற்சட்டையோடு பின் இருக்கையில் அமர்ந்து, தட்டை விரித்து, அதன் மேல் தேநீர்க் கோப்பையை வைத்துப் பார்த்தார். “நல்லா வசதியாத்தான் இருக்கு,” என்றார். “கம்பி ஆடலையே சார்?” என்று நான் கேட்டேன். “டம்மிக்கு எதுக்கும்மா ஆடணும்?” என்று பதில் வந்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒப்புதல் அன்றைக்கே கையெழுத்தானது. இந்த உரையாடலை மறுநாள் பத்திரிகையில் அப்படியே எழுதினேன். எதிர்மறைக் கண்ணோட்டம் என்று தங்கள் துறை என் பத்திரிகை ஆசிரியரிடம் வருத்தம் தெரிவித்தது. கம்பியைப் பற்றி யாரும் வருத்தப்படவில்லை.

6. உண்மையான விமானத்தில் கோல் ஆடும் என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். முன் இருக்கைக் கோலும் பின் இருக்கைக் கோலும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டவை. பின்னால் எது தடுத்தாலும் முன்னாலும் தடுக்கும். புறப்படும் முன் விமானி கோலை நாலா பக்கமும் கடைசி வரை தள்ளி, இழுத்துப் பார்ப்பார். ஆனால் புறப்படும்போது தட்டு மடங்கியிருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே அந்தச் சோதனை எப்போதும் வெற்றி. தட்டை விரிப்பது வானத்தில். விரித்த பிறகு யாரும் சோதிப்பதில்லை. சோதிக்கும்படி எந்த விதியும் சொல்லவில்லை.

7. சென்ற மாதம் நடந்ததை என் தம்பியும், முன் இருக்கையில் இருந்த பெண் பயிற்சி விமானியும் தனித்தனியே சொன்னார்கள், இரண்டும் ஒத்துப்போகின்றன. அந்தப் பெண் விமானத்தின் மூக்கைத் தாழ்த்தி இறங்கி, ராக்கெட்டைச் சுட்டு, மேலே ஏறுவதற்காகக் கோலை இழுத்தார். கோல் பாதியில் நின்றது. “சார், வரல. ஸ்டிக் வரல,” என்றார். “விடு, என் கையில,” என்றான் தம்பி. “உங்க கையில சார்,” என்று அவர் விட்டார். ஒருவர் சொல்லி மற்றவர் திருப்பிச் சொன்னால்தான் விமானம் கை மாறும். தலைக்கு மேல் தரை தெரிந்தாலும் அந்த இரண்டு வாக்கியமும் சொல்லியாக வேண்டும். சொன்னார்கள். தம்பி இழுத்தான். அவனுக்கும் வரவில்லை. அப்போதுதான் குனிந்து பார்த்திருக்கிறான்: கோல் தட்டின் விளிம்பில் முட்டிக்கொண்டு நிற்கிறது. முழங்காலால் ஒரே எத்து. கீல் உடைந்தது, தட்டு ஒயரில் தொங்கியது, கோல் வந்தது, விமானம் ஏறியது. கீழே இறங்கிய பிறகு அந்தப் பெண் கேட்டாராம்: “சார், இனிமே நான் சுடும்போது நீங்க சாப்பிடாம இருக்கீங்களா?” அதற்குப் பிறகு இருவரும் ஓடுபாதை ஓரத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள்.

8. இரண்டு உயிரும் ஒரு விமானமும் முழுதாகத் திரும்பியதற்குத் தங்கள் துறை அளித்த பரிசு ஒரு குறிப்பாணை. குற்றச்சாட்டு: அரசு உடைமையான தட்டை முழங்காலால் சேதப்படுத்தியது. தம்பி அன்றிலிருந்து தரையில் இருக்கிறான். வகுப்பறையில் மேகங்களின் வகைகளைப் பாடம் எடுக்கிறான்.

9. அதன் பின் விசாரணைக் குழு கூடியது. தட்டை வடிவமைத்தவர்களே குழுவின் உறுப்பினர்கள் என்பதால், தட்டில் குறை இல்லை என்ற முடிவுக்கு விரைவாக வர முடிந்தது. குறை ஆசிரியரின் தொடையில் கண்டுபிடிக்கப்பட்டது. தொடை தடிமனாக இருந்ததால் தட்டு உயர்ந்து கோலுக்கு வழிவிடவில்லையாம். உடனே தளத்திலுள்ள பயிற்சி ஆசிரியர்கள் அத்தனை பேரையும் மருத்துவ அறைக்கு வரவழைத்து, நாடாவால் தொடையைச் சுற்றி அளந்தார்கள். அளந்த மருத்துவர் நல்ல மனிதர். “இந்த அளவை நான் என் தையல்காரர்கிட்டதான் கொடுத்திருக்கேன். எடுக்கறது இதான் முதல் தடவை,” என்றாராம். குறிப்பிட்ட சுற்றளவுக்கு மேற்பட்ட தொடை உள்ளவர்கள் சுடுபயிற்சியில் பின் இருக்கையில் அமரக் கூடாது என ஆணை வந்தது. விமானத்தைப் போருக்குத் தகுதியாக்கப் புறப்பட்ட ஒரு திட்டம், கடைசியில் ஆசிரியர்களை விமானத்துக்குத் தகுதியாக்குவதில் வந்து நிற்கிறது.

என் தம்பி மனைவி இதைக் கேட்டுவிட்டுச் சொன்னது: “கல்யாணம் ஆனதுலேர்ந்து இவரு உடம்பு தேறலையேன்னு நான் படாதபாடு பட்டேன் அண்ணி. இப்பதான் கொஞ்சம் சதை பிடிச்சுது. அதுக்கும் மெமோவா?” இதற்குத் தங்களிடம் பதில் இருந்தால் அவருக்கும் ஒரு நகல் அனுப்புமாறு வேண்டுகிறேன்.

10. நகைச்சுவை இத்துடன் முடிகிறது. மூக்கைத் தூக்கி ஏறும்போது விமானியின் ரத்தம் காலுக்கு இறங்கி மயக்கம் வரும். அதைத் தடுக்க அவர்கள் ஒரு அழுத்த உடை அணிகிறார்கள். ஏறத் தொடங்கிய கணமே அதில் காற்று புகுந்து, வயிற்றையும் தொடையையும் இறுக்கி உப்பும். அதாவது, கோல் கடைசி வரை வந்தே ஆக வேண்டிய அதே நேரத்தில்தான் தொடை பருக்கிறது, தட்டு எழுகிறது. மருத்துவ அறையில் அளந்தது அழுத்த உடை இல்லாத வெறுந்தொடை. மாடியில் அளக்காமலே ஒப்புக்கொண்டது காற்சட்டைத் தொடை. வானத்தில் இருக்கும் தொடையை இந்தத் துறையில் இதுவரை ஒருவரும் அளக்கவில்லை.

11. ஒருவரும் என்று சொன்னது தவறு, திருத்திக்கொள்கிறேன். தளத்தில் ‘ஊசி’ என்று அழைக்கப்படும் ஓர் ஆசிரியர் இருக்கிறார். நாடா அவரைச் சுற்றி வந்தபோது மருத்துவரே சந்தேகப்பட்டு இரண்டாம் முறை அளந்தாராம். விதியில் தேறியவர்களில் முதல்வர் அவர்தான். என் தம்பி அவரை விமானக் கொட்டகையில், நின்றிருந்த விமானத்தின் பின் இருக்கையில், முழு உடையோடு உட்கார வைத்து, கொட்டகைக் காற்றுக்குழாயை அழுத்த உடையில் இணைத்து உப்ப வைத்தான். தட்டை விரித்து, “இழுடா,” என்றான். ஊசி இழுத்தார். கடைசி நான்கு விரற்கடை வரவில்லை. “என்னப்பா இது, என் தொடைக்கே இப்படியா?” என்றார் ஊசி. பக்கத்தில் நின்ற ஆய்வு அலுவலர் எல்லாவற்றையும் பார்த்தார். இது அட்டவணையில் இல்லாத சோதனை, ஆகவே தாம் பார்த்ததாகக் கையெழுத்திட இயலாது என்று சொல்லிவிட்டுப் போனார். அவரை நான் தொலைபேசியில் அழைத்தபோது அவர் இதை மறுக்கவில்லை. “பார்த்தேன், ஆனா பார்க்கல,” என்றார். என் பணிக்காலத்தில் தங்கள் துறையிடமிருந்து பெற்ற பதில்களில் மிகத் துல்லியமானது இதுதான்.

12. 21ஆம் தேதி காலை பின் இருக்கையில் அமரப்போகிறவர் ஊசி. முன் இருக்கையில் அதே பயிற்சி விமானி. தட்டு விரித்திருக்க வேண்டும், திரையின் காட்சி விருந்தினர் மேடைத் திரையிலும் தெரிய வேண்டும் என்பது திட்ட இயக்குநரின் தனி விருப்பம். மறுத்தால் என்ன ஆகும் என்று ஊசியிடம் கேட்டேன். “உங்க தம்பிகூட உக்காந்து மேகத்தை எண்ணணும்,” என்றார். அந்தப் பெண்ணிடமும் கேட்டேன். தட்டு இடித்தால் எத்தச் சொல்லி ஊசியிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருப்பதாகச் சொன்னார். ஊசியின் முழங்காலில் எத்தும் அளவுக்குச் சதை இருக்கிறதா என்பது அவருடைய கவலை. ஒரு நாட்டின் போர் விமானத் தரமுயர்த்தல் இந்த முழங்காலை நம்பி நிற்கிறது.

13. ஆகவே வேண்டுவது:

அ) ஆறு விமானங்களிலும் தட்டை 21ஆம் தேதிக்கு முன் கழற்ற வேண்டும். ஒவ்வொன்றிலும் நான்கு திருகாணிகள். திரையை எங்கே வைப்பது என்பதைப் பிறகு நிதானமாக, இந்த முறை ஆடும் கோலை வைத்து, யோசிக்கலாம்.

ஆ) தட்டை எத்தியதற்காக என் தம்பிக்குக் கொடுத்த குறிப்பாணையைத் திரும்பப் பெற வேண்டும். மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. அதற்குத் தனிக் குழு அமைக்க வேண்டியிருக்கும்.

இ) இவை இரண்டும் இயலாதென்றால், 21ஆம் தேதி பின் இருக்கையில் ஊசிக்குப் பதிலாகத் துணை இயக்குநரை அமர்த்த ஆணையிட வேண்டும். அவருக்கு அந்தத் தட்டு வசதியாக இருந்தது என்பதற்கு நானே சாட்சி. தேநீர்க் கோப்பையையும் கொண்டுபோகலாம்.

14. விபத்துகள் பற்றி நிறைய எழுதியிருக்கிறேன். ‘விசாரணைக்கு உத்தரவிடப்பட்டுள்ளது’ என்ற தங்கள் துறையின் வாக்கியத்தை நான் தூக்கத்திலும் சொல்வேன். அதை இன்னொரு முறை தட்டச்சு செய்யும் வேலையை எனக்கோ, எனக்குப் பின் வந்தவர்களுக்கோ தர வேண்டாம்.

15. இன்று நிலுவையில் உள்ளவை: விசாரணைக் குழுவின் இறுதி அறிக்கை, மாத முடிவில் வரும் என்கிறார்கள். தம்பியின் விளக்கத்தின் மீதான ஆணை, அதற்கும் பிறகு. இந்த மனுவுக்குப் பதில், விதிப்படி முப்பது நாட்களுக்குள். விமானம் ஏறுவது ஏழாம் நாள் காலை. இன்று மாலை கொட்டகையில் விசாரித்தேன். ஆறாவது விமானத்தின் திருகாணிகள் நான்கும் அதனதன் இடத்தில் இருக்கின்றன.

அவை கழன்ற செய்திக்காகக் காத்திருக்கும்,

(ஒப்பம்)
பயிற்சி ஆசிரியரின் அக்கா,
செய்தியாளர் (ஓய்வு)

இடம்: கிழக்கு வாயில் எதிர்த் தெரு
நாள்: இம்மாதம் 14

நகல்: துணை இயக்குநர், திட்ட அலுவலகம், இரண்டாம் மாடி – தகவலுக்காகவும், அழுத்த உடைக்கு அளவு எடுத்துக்கொள்வதற்காகவும்.