அழகமுத்துவின் கோப்பில் நான் சொல்லிவைத்த வார்த்தை

அனுப்புநர்:
க. விவேகானந்தன்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
கட்டுகஸ்தோட்டை.

பெறுநர்:
மருத்துவப் பொறுப்பதிகாரி அவர்கள்,
புதுத்தளிர் போதை மீட்புச் சிகிச்சை நிலையம்,
கண்டி.

விடயம்: திரு. மு. அழகமுத்துவின் பெயர் சிகிச்சைப் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டதை மீளாய்வு செய்யக் கோருதல்

மதிப்பிற்குரிய அம்மணி,

1. அழகமுத்து (வயது 41) எங்கள் ஊர்ச் சைவக் கடையில் பரிமாறியவர். பதினொரு வருடம் அவர் கையால் காலை உணவு உண்ட நானே அவருடைய சிகிச்சைக்குப் பொறுப்பாளர். எட்டு மேசைக்காரர் கேட்டதையும் எழுதாமல் கொண்டுபோய்ச் சமையலறையில் ஒப்புவிப்பார். என் இடியப்பம் ஒருநாளும் வேறு மேசைக்குப் போனதில்லை.

2. கடைப் படியில் விழுந்து முதுகில் அடிபட்டவருக்கு ஓபியம் வகை வலி மாத்திரை கொடுக்கப்பட்டது. வலி போனது, மாத்திரையை விட முடியவில்லை. நான்கு வருடங்களின் பின், இந்த ஏப்ரலில், தானாகவே தங்கள் நிலையத்துக்கு வந்தார்.

3. அங்கே வாசலில் ஒரே மூச்சில் ஐந்து விடயம் சொல்லப்படுகிறது: எண் எடுக்க வேண்டும், சிறுநீர் மாதிரி கொடுக்க வேண்டும், இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், நான்காம் அறையில் வைத்தியரைக் காண வேண்டும், பிறகு மருந்து பெற வேண்டும். அழகமுத்து இரண்டு முறை மாதிரி கொடுக்காமல் நேரே நான்காம் அறைக்குப் போய்விட்டார். "மறந்துட்டேன்னு எல்லாரும்தான் சொல்றாங்க" என்றார் அங்கே பதிவேடு எழுதும் எழுதுநர். பரிசோதனையைத் தவிர்க்கிறார் என்று பதிந்து, ஒக்டோபர் 9ஆம் திகதி பெயரை நீக்கினார்கள்.

4. நீக்குமுன் என்னைத் தொலைபேசியில் விசாரித்தார்கள். "ஆள் கொஞ்சம் பொறுப்பில்லாதவர்தான்" என்று நான் சொன்னேன். அது கோப்பில் ஏறியிருக்கிறது. எனவே இம்முறைப்பாட்டில் பாதி என்மீதானது.

5. பெயர் நீக்கப்பட்டு இரண்டு நாட்களின் பின் பேராதனையில் ஒரு பொது விரிவுரை கேட்டேன். ஒரு விடயத்தைச் சில நொடிகள் மனதில் தாங்கிக்கொண்டே அதைக் கையாளும் ஆற்றலுக்குச் செயல்நினைவு என்று பெயராம். ஓபியப் பழக்கம் அதைத் தளர்த்தக்கூடுமாம். ஒரே நினைவுப் பயிற்சியைச் செய்யும், பழக்கமுள்ள ஒருவரினதும் இல்லாத ஒருவரினதும் மூளைப் படங்களைக் காட்டினார்கள். இருவரும் சரியாகவே விடை சொன்னார்கள். ஆனால் பழக்கத்துக்கு ஆளானவரின் மூளையில் கூடுதலான இடங்கள் ஒளிர்ந்தன; அதே விடைக்கு அது கூடுதலாக உழைக்கிறதாம். எல்லோருக்கும் இப்படியே என்று சொல்ல முடியாது, சில ஆய்வுகளில் கண்டது என்றார் விரிவுரையாளர். எனக்கு அதுவே போதும், அம்மணி. நான் சோம்பல் என்று நினைத்த இடத்தில் இவ்வளவு உழைப்பா?

6. மறுநாள் அவரை வீட்டுக்கு அழைத்து, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பயிற்சியைக் கொடுத்தேன்: 7, 2, 9, 4 – பின்னிருந்து சொல்ல வேண்டும். கண்ணை மூடினார். நெற்றி வியர்த்தது. அரை நிமிடம் கழித்து, "நாலு, ஒம்பது, ரெண்டு... ஏழு" என்றார். சரி. "அங்க வாசல்ல சொல்ற அஞ்சும் காதுல ஏறுது சேர். கதவத் தாண்டுறப்ப ரெண்டுதான் கூட வருது. எட்டு மேசை தூக்கினவன், பாருங்க" என்று சிரித்தார். அந்த இரண்டைத் தூக்கிவர அவர் படும் பாட்டை முப்பத்தொரு வருட ஆசிரியத் தொழிலில் எந்த மாணவனிடமும் நான் கண்டதில்லை.

7. கையிலுள்ள மருந்து வரும் வியாழன், 16ஆம் திகதியுடன் முடிகிறது. அதன் பின் பழைய மாத்திரைக்கே போய்விடுவாரோ என்று அவர் மனைவி இராஜகுமாரி அஞ்சுகிறார். ஆகவே அன்றைக்கே அவரை மீண்டும் சேர்த்துக்கொள்ளுமாறும், ஐந்து விடயங்களையும் ஒரு துண்டில் எழுதி, வருவோர் எல்லோர் கையிலும் கொடுத்து, முடிந்ததை அதில் அடையாளமிடுமாறும் பணிவுடன் வேண்டுகிறேன். மாதிரி கொடுக்க அவர் இன்றே தயார். நான் சொன்ன வார்த்தையை வெட்டிவிட்டு, பக்கத்தில் இதை எழுதிக்கொள்ளுங்கள்: "பொறுப்பாளர் தன் அறியாமையால் சொன்னது." அதன் கீழ் கையொப்பமிட வியாழன் காலை எட்டு மணிக்கு அவருடன் நானும் வருவேன்.

தங்கள் நல்ல முடிவை எதிர்பார்த்திருக்கும்,

க. விவேகானந்தன்
(ஒப்பம்)

இடம்: கட்டுகஸ்தோட்டை
திகதி: 14.10.2025