இரண்டு மாலை போகக்கூடாது

மே 6, செவ்வாய்

கோயில் மாலைக்கான புரோகிராம் வேலை இன்றோடு முடிந்தது. நகரத்தார் கல்யாணமென்றால் அவரவர் கோயிலிலிருந்து மாலை வந்தாக வேண்டும். வராமல் தாலி ஏறாது. இனி கல்யாண வீட்டார் போனிலேயே கேட்கலாம். கேட்டது ஒரு செய்தியாக எங்கள் வரிசையில் வந்து நிற்கும். என் புரோகிராம் அதை எடுத்துக் கோயில் அலுவலகத்துக்கு அனுப்பும். "முடிந்தது" என்று வரிசைக்குச் சொன்னால்தான் வரிசை அதை அழிக்கும். சொல்லாவிட்டால் திரும்பத் தரும்.

போன வாரச் சோதனையில் ஒரே செய்தி இரண்டு தடவை போய்விட்டது. முதலாளி தேனப்பன் கத்தினார். "ஒரு பொண்ணுக்கு ரெண்டு மாலையா? ஊரே சிரிக்கும், செந்தாமரை!" செய்தியை எடுத்த கையோடு "முடிந்தது" சொல்லும்படி, புரோகிராமில் அதைச் சொல்லும் வரியை அனுப்பும் வரிக்கு மேலே ஏற்றிவிட்டேன். பிறகு இரண்டாவது போகவே இல்லை. எட்டு வருஷம் வீட்டில் கிடந்தவளுக்கு இதெல்லாம் இன்னும் வருகிறதே என்று சந்தோஷமாக இருந்தது.

மே 27

சர்வரைக் கவனிக்கும் வேல்பாண்டி மத்தியானம் வந்து கேட்டான். "அக்கா, சர்வர இப்ப நிறுத்திப் போட்டா செய்தி எதுவும் காணாமப் போயிராதுல்ல?" போகாது, வரிசையில் பத்திரமாக இருக்கும் என்றேன். வாயில் சோறு.

மே 28

மானகிரியில் முத்தப்பன் செட்டியார் மகள் கல்யாணத்துக்கு மாலை வரவில்லை. கார் எடுத்துக்கொண்டு ஓடி வாங்கி வருவதற்குள் முகூர்த்தம் போய்விட்டது. அவர் ஆபீசுக்கே போன் போட்டார். "அம்புட்டு சனத்துக்கு முன்னாடி எம் மகளத் தலைகுனிய வச்சுப்புட்டீகளே." அழுதார். கேட்டுக்கொண்டு நின்றேன்.

மே 29

செய்தி காணாமல் போன நேரமும் வேல்பாண்டி சர்வரை நிறுத்திய நேரமும் ஒன்று. அவன்தான் காரணம் என்று தேனப்பன் அதைப் பிடித்துக்கொண்டார்.

எல்லாரும் போனபின் புரோகிராமைத் திறந்து பார்த்தேன். என் வரிதான். எடுத்ததுமே "முடிந்தது" என்று சொல்லியிருக்கிறது. வரிசை அழித்துவிட்டது. அனுப்புவதற்குள் சர்வர் நின்றுவிட்டது. வரி இருக்க வேண்டிய இடத்தில் இருந்திருந்தால் அவன் நூறு தடவை நிறுத்தினாலும் ஒன்றும் ஆகாது. இரண்டு போகக்கூடாது, இரண்டு போகக்கூடாது என்றே இருந்தேன். ஒன்றுகூடப் போகாமல் போகும் என்று ஏன் தோணல?

நாளைக்குச் சொல்லிடணும். சொன்னா வேலை போயிடும். காரைக்குடியில எனக்கு வேற யாரு இந்த வேலை குடுப்பா?

மே 30

சொல்லவில்லை.

ஜூன் 2, திங்கள்

வேல்பாண்டியை அனுப்பிவிட்டார்கள். என்னிடம் கேட்டுவிட்டுத்தான் நிறுத்தினான் என்பதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. அதை ஒரு சாட்சியாகவே அவன் நினைக்கவில்லை போல. ஊருக்குப் போக கல்லல் ரயிலுக்குக் கிளம்பும் முன் என் மேசைக்கு வந்தான்.

"அக்கா, நான் எந்த இடத்துல தப்புப் பண்ணேன்னு மட்டும் சொல்லுங்க. அடுத்த வேலையில பண்ணாம இருக்கணும்ல."

வரிசை காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நிறுத்தியிருக்க வேண்டும் என்றேன்.

தலையாட்டினான். "நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றான்.

நான் என்ன ஜென்மம்?

ஜூன் 3

வரியைக் கீழே இறக்கினேன். ஒரே செய்தி மறுபடி வந்தால் அதன் எண்ணைப் பார்த்துத் தள்ளிவிடவும் செய்தாயிற்று. முக்கால் மணி நேர வேலை. என்ன மாற்றினேன் என்று எழுதும் இடத்தில் "சிறு திருத்தம்" என்று போட்டேன்.

ஜூன் 11

தேனப்பன் சம்பளம் கூட்டியிருக்கிறார். வீட்டில் கேசரி கிளறினார்கள். சாப்பிட்டேன்.

ஜூன் 19

மதுரையிலிருந்து வேல்பாண்டி போன் செய்தான். ஒரு கம்பெனியில் நேர்காணலாம். பழைய வேலையை ஏன் விட்டாய் என்று கேட்டிருக்கிறார்கள்.

"மறைக்காமச் சொன்னேன்க்கா. வரிசை காலியா இருக்கான்னு பாக்காம நிறுத்திப்புட்டேன், ஒரு கல்யாணமே கெட்டுப்போச்சு, அது என் தப்புன்னு. நீங்க சொல்லித்தான் தப்பு தெரிஞ்சுதுன்னும் சொன்னேன். வேணாம்னுட்டாக."

அவனே, "பரவால்லக்கா, உண்மையச் சொன்னோம்ல" என்றான்.

வேறு வேலை கிடைக்கும் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.