கடைசியில் பூச்சியம் உள்ள வரி

பாப்பு,

டிக்கெட் கவுண்டருக்கு அடியில் நீ ஒட்டிவிட்டுப் போன மஞ்சள் தாளை இன்று காலையில்தான் குனிந்து பார்த்தேன். ஏழு மாதமாக அதைக் கைப்பையால் மறைத்தே வைத்திருந்தேன். உன் கையெழுத்து. ஐ, பி, சி, எஸ். கம்ப்யூட்டரில் தட்ட நாலே எழுத்து. கீழே, "அக்கா, இது பாக்க மட்டுந்தான். பாக்கிறதால எதுவும் கெடாது."

லங்காவித் தீவுக்குப் போகும் பயணிகள் போட்டு கிளம்ப அரை மணி நேரம் இருந்தது. கரண்டு ஒரு தடவை போய் வந்தது. மற்ற இரண்டு கவுண்டரும் தப்பித்துக்கொண்டன, என்னுடையதில் மட்டும் டிக்கெட் திரை எழவில்லை. வரிசை வாசலைத் தாண்டி வெயிலில் நின்றது. மேலாளர் சேகர் அண்ணன் ஓடி வந்தார்.

"அலோர் ஸ்டார்லேர்ந்து ரிப்பேர் ஆள் வர ஒரு மணி நேரம் ஆவும் லா. போட்டு நிக்காது."

"பாப்பு எழுதி வச்சது இருக்குண்ணே."

உன் பெயரைக் கேட்டதும் அவர் தரையைப் பார்த்தார். இங்கே எல்லாரும் அப்படித்தான்.

கோலா கெடா மீன் சந்தைக்கு எதிரே தேத்தண்ணி குடித்துக்கொண்டே நீ எனக்கு இதைச் சொல்லித் தந்தாய். "மூணு கவுண்டருக்கும் பொதுவா ஒரு சீட்டுப் பட்டியல கம்ப்யூட்டர் வச்சிருக்குக்கா. ஒரு கவுண்டர் பாதியில செத்துட்டா, அது வச்சிருந்தது மட்டும் அங்கேயே கெடக்கும். திரும்ப ஏற விடாது. எது யாரோடது, எத்தன பேரு புடிச்சிருக்காங்கன்னு இந்த நாலு எழுத்து காட்டும். கடைசில பூச்சியம்னா யாரும் புடிக்கல. அத மட்டும் அழி. மத்தத தொட்டா, ஒரே சீட்டுல ரெண்டு பேரு உக்காந்து சண்ட போடுவாங்க."

நீ நீட்டிய தாளைத் தொடாமல் நான் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். "ரப்பர் பால்வெட்டுல பாம்பு அடிச்ச கை, நாலு எழுத்துக்கு நடுங்குது பாரு" என்று சிரித்தாய்.

ஏழு மாதத்துக்கு முன்னால் அன்றைக்கும் என் கவுண்டர் இதே போலத்தான் நின்றது. நீ ஜித்ரா வீட்டில் காய்ச்சலில் படுத்திருந்தாய். "தாளப் பாத்துத் தட்டுக்கா, நான் போன்லயே இருக்கேன்" என்றாய். "எனக்குப் பயமா இருக்கு, நீயே வந்துட்டுப் போ" என்றேன். வந்தாய். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நின்றபடி தட்டிவிட்டுத் திரும்பினாய். ஜித்ராவுக்கு முந்தின வளைவில் மோட்டார் சைக்கிள் சறுக்கிவிட்டது. நீ வீடு போய்ச் சேரவில்லை.

இன்று நான் தட்டினேன், பாப்பு. இரண்டு வரி வந்தது. இரண்டிலும் உடைமையாளர் இடத்தில் உன் பெயர். நீ அமைத்த கம்ப்யூட்டர் ஏற்பாடு எல்லாம் இன்னும் உன் பெயரில்தான் ஓடுகிறது, யாரும் மாற்றவில்லை. முதல் வரியின் கடைசியில் இரண்டு. அடுத்த வரியின் கடைசியில் பூச்சியம்.

உன் பெயர். யாரும் பிடித்திருக்கவில்லை.

கை எழவில்லை. கண்ணாடிக்கு வெளியே பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த மலாய்க்காரம்மா மணியைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தாள். நீ சொல்லித் தந்த அழிக்கும் கட்டளையோடு அந்த வரியின் எண்ணைத் தட்டி, ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தேன். அண்ணனும் விரல் வைத்துச் சரிபார்த்தார். "அதான். அடி" என்றார். அடித்தேன்.

டிக்கெட் திரை வந்தது. மறுபடியும் நாலு எழுத்தைத் தட்டிப் பார்த்தேன். பூச்சியம் இல்லை. உன் பெயருக்கு நேரே இப்போது மூன்று; மூன்று கவுண்டரும் பிடித்திருந்தன. அந்த அம்மாவுக்குத்தான் முதல் டிக்கெட். போட்டு கிளம்பும்போது ஒருவரும் கரையில் நிற்கவில்லை.

"இவ்வளோதானா வேல?" என்றார் அண்ணன். நல்லதற்குத்தான் சொன்னார். நான் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

தாளை உரித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். இனி அது வேண்டியதில்லை, விரலுக்கே தெரிந்துவிட்டது. இவ்வளவுதான் வேலை. அன்றைக்கு நானே தட்டியிருந்தால், நீ காய்ச்சலோடு படுத்தே கிடந்து, மறுநாள் எழுந்து வந்து என்னைக் கேலி பண்ணியிருப்பாய், இல்லையா பாப்பு?